கொன்ட்ரோல் குழாயில் செத்த பதின்மூன்று நுளம்புகள்

விடிய ஆறரை மணிக்கு ஆய்வுகூடக் கதவைத் திறந்ததும் நான் முதலில் பார்ப்பது கொன்ட்ரோல் குழாய்களைத்தான். அன்றைக்கும் அப்படித்தான். இரண்டு குழாய்கள், ஒவ்வொன்றிலும் 25 பெண் நுளம்புகள். மலேரியா நுளம்பு எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கிற பரிசோதனையில் ஒப்பிட்டுப் பார்க்க வைத்தவை, மருந்து படாதவை. வெறும் எண்ணெய் ஊறிய தாளோடு ஒரு மணி நேரம் இருந்துவிட்டு, இரவு முழுக்கச் சீனித் தண்ணீர்ப் பஞ்சை உறிஞ்சிக்கொண்டு உயிரோடு இருக்க வேண்டியவை. ஒரு குழாயில் ஆறு, மற்றதில் ஏழு, காலை மடக்கிக்கொண்டு அடியில் கிடந்தன.

ஐம்பதில் பதின்மூன்று என்றால் 26 சதவீதம். கொன்ட்ரோலில் 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தப் பரிசோதனை முழுவதையும் தள்ளிவிட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் விதி. அப்படியென்றால் பக்கத்துத் தட்டில் மருந்துத் தாளைத் தொட்டுவிட்டு வந்த நூறு நுளம்புகளுக்கும் அர்த்தமில்லை. அவை மருந்தால் செத்தனவா, வேறு எதனாலோ செத்தனவா என்று இனி எவராலும் சொல்ல முடியாது. தம்பலகாமத்து மாட்டுப்பட்டியில் தாய் நுளம்புகளைப் பிடித்து, முட்டையிட வைத்து, குடம்பி என்கிற நீர்ப்புழுக்களை வளர்த்து, கூட்டுப்புழுக்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த இரண்டு கிழமைக்கு மேற்பட்ட உழைப்பு அது.

காரணம் அன்று மத்தியானமே தெரிந்துவிட்டது. இரவுக் காவலாளி அண்ணன் வேலை முடிந்து போகும்போது சொன்னது நினைவுக்கு வந்து, போன் எடுத்துக் கேட்டேன்.

"ஓம் பிள்ளை, உங்கட அறைப் பக்கம் ஒரே நுளம்பு. நீங்கள் விடியவே வந்து இருந்து வேலை செய்யிற இடமெண்டு யன்னலடியில ஒரு சுருள் கொளுத்தி வைச்சனான்."

நுளம்புச் சுருளில் இருப்பதும் பைரித்ராய்டு வகை மருந்துதான். நான் குழாய்க்குள் அளந்து வைத்துப் பரிசோதிக்கும் அதே குடும்பம். அவர் அன்போடு செய்த வேலை. அந்த அறைக்குள் என்ன நடக்கிறது என்று அவருக்கு நான் ஒரு நாளும் சொல்லியிருக்கவில்லை, பிழை என்னுடையது. அன்றிலிருந்து பரிசோதனைக்கு முதல் நாள் காவலாளி, கூட்டுகிற அக்கா, பக்கத்து அறைக்காரர், சாரதி என்று எல்லோரிடமும் நேரில் போய்ச் சொல்கிறேன். சுருள் வேண்டாம், ஸ்பிரே வேண்டாம், கரப்பானுக்கு மருந்து வேண்டாம். அறிவித்தல் ஒட்டினால் போதாது, அதை ஒருவரும் வாசிப்பதில்லை. வாயால் சொல்லி, உள்ளே கூட்டிப்போய்க் குடம்பித் தட்டையும் காட்டினால் மறக்க மாட்டார்கள்.

திருகோணமலையில் மலேரியா நுளம்பு எந்த மருந்துக்குச் சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்க்கிற இந்த வேலையில் நான் இருந்த காலத்தில் கற்றதைத்தான் எழுதுகிறேன். புதிதாக வருகிற பிள்ளைகள் விதிமுறைப் புத்தகத்தை நன்றாகப் படித்துவிட்டு வருகிறார்கள். புத்தகத்தில் இல்லாத இடங்களில்தான் அவர்களுக்கும் பரிசோதனை பிழைக்கிறது.

எனக்கு மலேரியா படித்து அறிந்த நோய் மட்டும் இல்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எங்கள் வீட்டுக்கு 'மலேரியாக்காரர்' முதுகில் பம்பைக் கட்டிக்கொண்டு வருவார்கள். அம்மா சட்டி பானைகளை முற்றத்துக்கு எடுத்துவிடுவா. மலத்தியன் அடித்துவிட்டுப் போனால் நாலைந்து நாள் வீடு நாறும். அந்த மணம் அம்மாவுக்குப் பிடிக்காது. அவர்கள் தெருவைத் தாண்டியதும் சாணமும் களிமண்ணும் குழைத்து உள்சுவரை நல்லாய் மெழுகிவிடுவா. மருந்து மண்ணுக்குள் போய்விடும், நுளம்பு மண்ணின் மேல் இளைப்பாறும். அந்த வருடம் தம்பிக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் குளிர் காய்ச்சல். வீட்டில் இருந்த போர்வையெல்லாம் போதாமல் நெல்லுச் சாக்கைக் கொண்டுவந்து மூடினோம். குளோரோகுயின் குளிசையை அவன் துப்பத் துப்ப, வாழைப்பழத்துக்குள் வைத்துக் கொடுத்தா அம்மா. சுவரில் மருந்து இருப்பது என்றால் என்ன, நுளம்பின் காலில் அது படுவது என்றால் என்ன என்று அம்மாவுக்கு ஒருவரும் விளக்கிச் சொல்லவில்லை. காவலாளி அண்ணனுக்கு நான் சொல்லாமல் விட்டதும் அதே மாதிரித்தான் என்று பிறகு யோசித்தேன்.

இந்த நாட்டில் மருந்தும் நுளம்பும் பட்டபாடு பெரிய கதை. 1934, 35இல் வந்த மலேரியா ஏறத்தாழ 80,000 பேரைக் கொண்டுபோனது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு டிடிடி என்ற பூச்சிமருந்து வந்தது. 1963இல் நாடு முழுவதுக்கும் 17 நோயாளர்தான் பதிவானார்கள். முடிந்துவிட்டது என்று மருந்தடிப்பதையும் தேடிப்பார்ப்பதையும் தளர்த்தினார்கள். அறுபதுகளின் கடைசியில் காய்ச்சல் இலட்சக்கணக்கில் திரும்பி வந்தது. திரும்ப டிடிடி அடிக்கப் போனபோது, 1969இல், நுளம்புக்கு அதில் எதிர்ப்பு வந்திருப்பது தெரிந்தது. எழுபதுகளில் மலத்தியனுக்கு மாறினார்கள். அதை விவசாயத்துக்குக் கொடுக்காமல் மலேரியாவுக்கென்றே ஒதுக்கியும் வைத்தார்கள். அப்படிக் காத்தும் எண்பதுகளின் தொடக்கத்தில் அதற்கும் எதிர்ப்பு வந்தது. தொண்ணூறுகளில் பைரித்ராய்டுகள் வரத் தொடங்கின. கடைசியாக உள்ளூரில் தொற்றிய நோயாளர் 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பர் 5ஆம் திகதி இலங்கை மலேரியா அற்ற நாடு என்று உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் கொடுத்தது.

நோய்தான் போனது. நுளம்பு போகவில்லை. தம்பலகாமத்திலும் கந்தளாயிலும் சேருவிலவிலும் மகாவலியின் மணல் குழிகளிலும் அது இன்றைக்கும் முட்டையிட்டுக்கொண்டிருக்கிறது. வெளிநாட்டில் வேலை செய்துவிட்டு, யாத்திரை போய்விட்டு வருகிற ஒருவரின் இரத்தத்தில் கிருமி வந்தால் அதை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக நுளம்பு தயாராக இருக்கிறது. 2018இன் கடைசியில் மொனராகலையில் அப்படி ஒருவருக்கு நடந்தது; வெளியிலிருந்து வந்த ஒருவரிடமிருந்து இங்குள்ள ஒருவருக்கு. அப்படியொரு நாள் எங்கள் மாவட்டத்தில் வந்தால், அந்த வீட்டைச் சுற்றி எந்த மருந்தை அடிப்பது? அன்றைக்குப் பரிசோதித்துப் பார்க்க நேரம் இருக்காது. விடை முதலே கையில் இருக்க வேண்டும். நான் விடியவே எழும்பிப் போனதெல்லாம் அதற்காகத்தான்.

நுளம்பு பிடிக்கிற வேலை மாட்டோடு தொடங்குகிறது. எங்கள் முக்கிய நுளம்பு அனோபிலிஸ் கியூலிசிபேசிஸ். மனிதனைவிட மாட்டை அதிகம் விரும்பும். பின்னேரம் ஒரு சிறு கூடாரத்துக்குள் மாட்டைக் கட்டி, இரவில் உள்ளே வந்த நுளம்புகளை விடிய முதல் உறிஞ்சுகுழாயால் எடுக்க வேண்டும். கிண்ணியாவில் ஒரு பட்டிக்காரக் காக்கா எங்களுக்கு வழமையாக மாடு தருவார். முதல் நாள் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "ஏன் மகள், இல்லாத காய்ச்சலுக்கு இவ்வளவு பாடா?" என்று கேட்டார். தம்பியின் கதையைச் சொன்னேன். ஒன்றும் பேசாமல் உள்ளே போய், இருந்ததிலேயே சாதுவான பசுவை அவிழ்த்துக்கொண்டு வந்தார். முரட்டு மாட்டைக் கட்டினால் இரவெல்லாம் வாலடித்து, உடம்பை உலுப்பி, விடிய நுளம்பே கிடைக்காது என்பதை அவரிடம்தான் படித்தேன். மாட்டுக்கு உண்ணி மருந்து பூசியிருக்கிறார்களா என்றும் கட்டாயம் கேட்க வேண்டும். அதிலும் நுளம்பைக் கொல்லும் மருந்து இருக்கும். கேட்காமல் போய் ஒரு இரவை வீணாக்கியிருக்கிறேன்.

இந்த நுளம்பை அடையாளம் காண்பதில் புதியவர்கள் தடுமாறுவார்கள். அனோபிலிஸ் என்றால் சுவரில் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு சாய்ந்து இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். கியூலிசிபேசிஸ் அவ்வளவு சாய்ந்து இருக்காது. சாதாரண கியூலெக்ஸ் நுளம்பு மாதிரிக் கிட்டத்தட்டச் சுவரோடு ஒட்டியபடி இருக்கும். அதன் பெயருக்கே கியூலெக்ஸ் சாயல் கொண்டது என்றுதான் பொருள். நிற்கிற விதத்தைப் பார்த்து 'இது அதில்லை' என்று விட்டுவிடாதீர்கள். எடுத்துக்கொண்டு வந்து நுணுக்குக்காட்டியில் சிறகையும் வாயருகே இருக்கும் உணர்கொம்புகளின் வெள்ளைப் பட்டைகளையும் பாருங்கள். கடலோரத்தில், உப்புத் தண்ணீர் கலக்கும் இடங்களில் சப்பிக்டஸ் என்ற மற்ற இனம்தான் கூட வரும். இரண்டையும் ஒரே குழாயில் கலந்துவிட்டு 'அனோபிலிஸ்' என்று ஒரு சதவீதம் எழுதினால் அந்த எண் இரண்டுக்கும் சொந்தமில்லை.

கொண்டுவருவது அடுத்த பாடு. கந்தளாய்ப் பக்கமிருந்து விடிய வருகிற பாதையில் யானை நிற்கும், நின்று நின்றுதான் வர வேண்டும். வெயில் ஏறினால் கப்புக்குள் இருக்கும் நுளம்பு உலர்ந்து செத்துவிடும். ரெஜிபோம் பெட்டிக்குள் ஈரத் துவாய் விரித்து, அதன் மேல் வலை போட்ட கடதாசிக் கப்புகளை அடுக்கி, மூடியை ஒரு விரல் அளவுக்குத் திறந்து வைப்போம். அந்தப் பெட்டி முதலில் எதற்குப் பாவித்தது என்று கேளுங்கள். வயல் மருந்து போத்தல் ஏற்றிய பெட்டியைக் கழுவித் தந்தால் அது உதவாது. மருந்தடிக்கிற பம்புகள் போகிற வாகனத்தில் நுளம்பைக் கொண்டுவரவும் கூடாது. எங்களுக்கு இருந்தது ஒரு வாகனம்தான். அதனால் மோட்டார் சைக்கிளில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த நாள்கள் நிறைய.

பிடித்துவந்த நுளம்பை அப்படியே குழாய்க்குள் போட்டுப் பரிசோதிக்க எனக்கு விருப்பமில்லை. அதன் வயது தெரியாது, வயிற்றில் இரத்தம் இருக்கும். இரத்தம் குடித்தது மருந்தைக் கூடத் தாங்கும்; கிழடு விரைவில் சாகும். எண் இரண்டு பக்கமும் சாயும். அதனால் இரத்தம் குடித்த தாய்களை முட்டையிட விட்டு, அவற்றின் பெண்பிள்ளைகளை மூன்று முதல் ஐந்து நாள் வயதில், சீனித் தண்ணீர் மட்டும் குடித்த நிலையில் எடுத்தோம். இடைவிடாமல் இரண்டு கிழமைக்கு மேல் வேண்டும். குடம்பித் தட்டில் தீனைக் கொஞ்சம் கூடப் போட்டாலும் தண்ணீரில் ஆடை படிந்து எல்லாம் செத்துவிடும். அனோபிலிஸ் குடம்பி தண்ணீர் மட்டத்தோடு படுத்துக்கொண்டு மேலே மிதப்பதைத் தின்பது. மீன் தீனை அரைத்துத் துணியால் சலித்து, இரண்டு விரலால் உப்புத் தூவுகிற மாதிரித் தூவினால் போதும். நெருக்கமாக வளர்ந்த, பட்டினி கிடந்த குடம்பியிலிருந்து வருகிற நுளம்பு சின்னதாக இருக்கும். அது மருந்துக்குச் சீக்கிரம் விழும். பிறகு 'இங்கே எதிர்ப்பு இல்லை' என்று நாம் சந்தோஷப்படுவோம்.

எறும்பைப் பற்றி எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. விழுந்து கிடக்கிற நுளம்பை இரவில் எறும்பு இழுத்துக்கொண்டு போய்விடும். விடிய எண்ணினால் 25இல் 22தான் இருக்கும், போன மூன்றும் செத்தவையா உயிரோடிருந்தவையா? மேசைக் கால் நாலையும் தண்ணீர்ச் சிரட்டைக்குள் வையுங்கள். சுவரில் மேசை முட்டாமலும் பாருங்கள், எறும்புக்கு அந்த ஒரு வழி போதும்.

பரிசோதனை நாளின் ஒழுங்கு சிறிதுதான். 25 படி நாலு குழாயில் மருந்துத் தாள், இரண்டில் எண்ணெய்த் தாள். முதலில் எல்லாவற்றையும் பச்சைப் புள்ளிக் குழாயில் வெறும் வெள்ளைத் தாளோடு ஒரு மணி நேரம் விட்டு, கால் முறிந்தது, பறக்க முடியாதது எல்லாவற்றையும் நீக்க வேண்டும். பிறகு சிவப்புப் புள்ளிக் குழாய்க்குள் மெதுவாக ஊதி அனுப்பி, நிமிர்த்தி வைத்து ஒரு மணி நேரம். பைரித்ராய்டு வகையில் டெல்டாமெத்ரின் 0.05 சதவீதம், பெர்மெத்ரின் 0.75, பிறகு மலத்தியன் 5, டிடிடி 4 என்று ஒவ்வொன்றுக்கும் அளவு உண்டு. திரும்பப் பச்சைக் குழாய்க்கு மாற்றி 24 மணி நேரம்.

எந்த வேலையையும் கொன்ட்ரோலில் தொடங்குங்கள். கொன்ட்ரோல் நுளம்புகளை முதலில் கையாண்டு, பிறகுதான் மருந்துக் குழாயைத் தொட வேண்டும். மருந்துத் தாளைப் பிடித்த கையுறையோடு கொன்ட்ரோல் குழாயின் மூடியைத் திறந்தால் அன்றைய நாள் முடிந்தது. உறிஞ்சுகுழாயும் இரண்டு இருக்கட்டும், கொன்ட்ரோலுக்கு ஒன்று, மற்றதுக்கு ஒன்று, பிடியில் வேறு வேறு நிறத் துணி சுற்றி. எனக்குப் படிப்பித்த ஐயா மலத்தியன் காலத்திலிருந்தே இந்த வேலையில் இருந்தவர். காலையில் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டு வந்தால்கூட வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்போது கோபம் வரும்.

இப்போது இரண்டாவது நாள் காலைக்கு வருவோம். இந்த வேலையின் சரி பிழை எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது.

முதல் நாள் அறுபதாவது நிமிடத்தில் டெல்டாமெத்ரின் குழாயில் 25ம் விழுந்து கிடந்ததைப் பார்த்திருப்பீர்கள். 'எல்லாம் செத்துவிட்டது' என்று கூட வேலை செய்கிற தம்பி எழுதப் போனான். பைரித்ராய்டில் விழுவது வேறு, சாவது வேறு. நரம்பு அதிர்ந்து விழுந்த நுளம்பு இரவில் மருந்தைத் தன் உடம்புக்குள்ளேயே உடைத்துப்போட்டு எழும்பி வரலாம். அடுத்த நாள் காலையில் அந்தக் குழாயில் 22 கிடந்தன, இரண்டு பறந்தன. மற்றது ஒன்று. அதற்கு மூன்று கால்தான் மிச்சம். குழாயின் அடியில் சுற்றிச் சுற்றி நகர்ந்துகொண்டிருந்தது. தம்பி 'செத்த கணக்கு' என்றான், நான் 'உயிர்க் கணக்கு' என்றேன். குழாயை மெல்லத் தட்டினேன். நகர்ந்தது. இன்னும் ஒரு முறை தட்டினேன். எழும்பி மேலே பறந்து, வலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. எத்தனை கால் போனாலும் பறக்க முடிந்தால் அது உயிரோடு இருப்பது. நிற்கவோ பறக்கவோ முடியாமல் துடிப்பது செத்த கணக்கில் சேரும். இரண்டு பேர் தனித்தனியாக எண்ணி, தனித்தனித் துண்டில் எழுதி, பிறகுதான் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒருவர் வாய்விட்டு எண்ண மற்றவர் எழுதினால் ஒரு பிழை இரண்டு பேருடையதாகப் பதிவாகும்.

அந்த ஒரு நுளம்புக்காகவா இவ்வளவு நேரம் என்று தம்பி கேட்டான். கணக்குப் போட்டுக் காட்டினேன். 98 சதவீதமும் அதற்கு மேலும் செத்தால் மருந்து வேலை செய்கிறது. 90க்கும் 97க்கும் இடையில் என்றால் எதிர்ப்பு இருக்கலாம், திரும்பச் செய்து பார்க்க வேண்டும். 90க்குக் கீழே என்றால் எதிர்ப்பு இருக்கிறது. நூறில் 98, 97 என்ற இடத்தில் ஒரு மூன்று கால் நுளம்பே ஒரு கிராமத்தை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்துக்கு மாற்றிவிடும். கொன்ட்ரோலில் சாவது கொஞ்சமாக இருந்தால் அபொட் சூத்திரத்தால் திருத்துவோம். மருந்துக் குழாயில் 90 சதவீதம் செத்து, கொன்ட்ரோலில் 10 சதவீதம் செத்திருக்கிறது என்று வையுங்கள். 90இலிருந்து 10ஐக் கழித்து, மிச்சத்தை 100இல் 10 கழித்த 90ஆல் வகுத்தால் 88.9. 'இருக்கலாம்' என்றது 'இருக்கிறது' ஆகிவிட்டது. அதை மாற்றியது மருந்தே படாத ஐந்து நுளம்புகளின் சாவு. அந்த ஐந்தும் உண்மையிலே எதனால் செத்தன? வெக்கையாலா, பஞ்சு காய்ந்ததாலா, என்னுடைய முரட்டுக் கையாலா? சூத்திரம் அதைக் கேட்பதில்லை. கச்சான் காற்று அடிக்கிற ஆடி, ஆவணியில் எங்கள் அறை 33, 34 பாகைக்குப் போய்விடும். அந்த நாள்களில் ஈரச் சீலை போர்த்தி, வெப்பமானியைப் பக்கத்தில் வைத்து, 27ஐத் தாண்டாமல் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டிருப்பதைத் தவிர வேறு வழியில்லை. சூத்திரத்தை நம்பிக் கொன்ட்ரோலைக் கவனிக்காமல் விடுகிற பழக்கம் எனக்குப் பெரிய மனவருத்தம்.

2022ஐ மறக்க முடியாது. பங்குனிக் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்தது. பெற்றோல் வரிசையில் இரவு படுத்து எழும்பித்தான் களத்துக்குப் போனோம். அந்தக் கஷ்டத்துக்குள்ளும் ஒரு தொகுதி நுளம்பை வளர்த்து டெல்டாமெத்ரின் போட்டோம். ஒவ்வொரு குழாயிலும் நாலைந்து உயிரோடு. கொன்ட்ரோலில் ஒன்றுகூடச் சாகவில்லை. எனக்குக் கை நடுங்கியது. படுக்கை வலைகளில் ஊறியிருப்பதும் இதே குடும்பத்து மருந்துதான். அறிக்கையை எழுதி மேலே அனுப்ப உட்கார்ந்துவிட்டேன்.

ஐயா அப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருந்தார். போனில் சொன்னதும் அவர் கேட்டது ஒரு கேள்விதான். "தாள் எங்க இருந்தது?"

மருந்துத் தாள்கள் மலேசியாவின் பினாங்கிலுள்ள பல்கலைக்கழகத்திலிருந்து வருபவை. 4 பாகையில் குளிராக வைத்திருக்க வேண்டும். எங்கள் தாள் குளிர்சாதனப்பெட்டிக்குள் இருந்தது, பெட்டிக்குத்தான் கரண்ட் இல்லை. அந்தப் பெட்டி எத்தனை நாள், எத்தனை பாகையில் இருந்தது என்று ஒரு குறிப்பும் எங்களிடம் இல்லை. இன்னொன்றையும் ஐயா கேட்டார், எத்தனை தரம் பாவித்த தாள் என்று. ஒரு தாளை ஆறு முறைக்கு மேல் பாவிக்கக்கூடாது. எங்கள் பதிவில் நாலாவது முறை என்று இருந்தது. ஆனால் நடுவில் ஒரு நாள் எழுதாமல் விட்டதும் தெரிந்தது.

எந்த மருந்தையும் பார்த்திராத, ஆய்வுகூடத்திலேயே தலைமுறை தலைமுறையாக வளர்த்த நுளம்புகள் ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் இருந்தன. அதே தாள்களை அவற்றுக்கு வைத்துப் பார்த்தார்கள். அவையும் சாகவில்லை. தாள்தான் செத்திருந்தது. அறிக்கையை அனுப்பியிருந்தால், வேலை செய்கிற ஒரு மருந்தை என் கையெழுத்தில் இந்த மாவட்டத்திலிருந்து எடுத்திருப்பார்கள். இப்போது தாள் வைத்திருக்கிற பெட்டிக்குள் ஆகக் கூடிய வெப்பத்தையும் ஆகக் குறைந்த வெப்பத்தையும் பதிந்து வைக்கிற வெப்பமானி இருக்கிறது. ஒவ்வொரு தாளின் மூலையிலும் பாவிக்கப் பாவிக்க ஒரு கோடு. புதுத் தொகுதி தாள் வந்தால் முதலில் அந்த அப்பாவி நுளம்புகளுக்கு வைத்துப் பார்த்த பிறகுதான் வயல் நுளம்புக்கு.

புதுத் தாளில் என்ன வந்தது என்று கேட்பவர்களுக்கு நான் இங்கே எண் சொல்ல மாட்டேன். ஒரு கிராமத்தில், ஒரு போகத்தில் கிடைத்த எண்ணை 'திருகோணமலை நுளம்பு' என்று பெயர் வைத்து ஊர் முழுக்கப் பரப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பத்து மைல் தள்ளி, வேறு பயிர் செய்கிற இடத்தில் நிலை வேறாக இருக்கும்.

பயிர் என்றதும் சொல்ல வேண்டும். நாங்கள் வீட்டுச் சுவருக்கு அடிப்பதைவிடப் பலமடங்கு மருந்து வயலுக்குள் போகிறது. வெள்ளாமைக்குப் பூச்சி விழுந்தால் 'எண்ணெய் அடிக்கிறது' என்பார்கள். அந்த எண்ணெய் வாய்க்காலில் இறங்கி, வரம்போரக் குழியில் தேங்கி, அங்கே கிடக்கும் குடம்பியை நாள்கணக்கில் நனைக்கிறது. பெரும்பாலானது சாகும், தாங்கினது பிள்ளை பெறும். 2017 தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பெருகியபோது ஒழுங்கை ஒழுங்கையாகப் புகை அடித்தார்கள். உயிர் போய்க்கொண்டிருந்த நேரம், அடிக்கத்தான் வேண்டும். அந்தப் புகை மலேரியா நுளம்பின் மேலும் படுகிறது. அதனால் குடம்பி எடுக்கப் போகிற இடத்தில் வயல்காரரிடம் பேச்சுக் கொடுத்து, கடைசியாக என்ன அடித்தீர்கள், எப்போது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது எங்கள் வழக்கமாகிவிட்டது. பேர் மறந்திருந்தால் வெறும் போத்தல் குடிசைக் கூரைக்குள் செருகியிருக்கும், எடுத்துக் காட்டுவார்கள். இந்தத் தகவல் இல்லாமல் ஒரு சதவீதத்தை மட்டும் வைத்துக்கொண்டு எதிர்ப்பு எங்கிருந்து வந்தது என்று யோசிக்க முடியாது.

எதிர்ப்பு உறுதியானால் வேலை அங்கே தொடங்குகிறது. ஐந்து மடங்கு, பத்து மடங்கு மருந்துத் தாளில் வைத்துப் பார்த்தால் அந்த எதிர்ப்பு எவ்வளவு பலமானது என்று தெரியும். முதலில் பிபிஓ என்ற துணைப்பொருள் ஊறிய தாளில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் பிறகு மருந்தில் வைத்தால், மருந்தை உடைக்கிற சில நொதிகள் அடங்கிப்போகும். அப்போது சாவு கூடினால் அந்த நொதிகள்தான் காரணம் என்று ஊகிக்கலாம். நரம்பில் மருந்து போய் ஒட்டுகிற இடமே மாறியிருந்தால் இதனால் பெரிய மாற்றம் வராது, மரபணுவைத்தான் பார்க்க வேண்டும்.

இன்னொரு நுளம்பும் வந்திருக்கிறது. 2016 டிசெம்பரில் மன்னாரில் அனோபிலிஸ் ஸ்டீபென்சியைக் கண்டுபிடித்தார்கள், பிறகு யாழ்ப்பாணக் குடாநாட்டிலும். அது காட்டாற்றுக் குழியைத் தேடிப் போகாது. பட்டினத்துக் கிணற்றிலும் சீமெந்துத் தொட்டியிலும் முட்டையிடும். 2012இல் ஜிபூட்டியில் நுழைந்து ஆபிரிக்காவின் பட்டினங்களுக்கு மலேரியாவைக் கொண்டுபோனது அதுதான். துறைமுகமும் இத்தனை கிணறும் உள்ள எங்கள் பட்டினத்தில் வயலைப் பார்த்தது போதாது என்று இப்போது வீட்டுக் கிணறுகளுக்குள்ளும் கயிற்றில் வாளி விடுகிறோம். கிணற்றுக்காரர் முதலில் சந்தேகமாகப் பார்ப்பார்கள். குடம்பியைக் கையில் காட்டினால், அடுத்த வீட்டுக் கிணற்றுக்கும் அவர்களே கூட்டிப்போவார்கள்.

தப்பிய நுளம்புகளை எறிந்துவிடாதீர்கள். செத்தவற்றைவிட அவற்றுக்குள்தான் விசயம் இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனிக் குப்பியில் போட்டு, அற்ககோலில் ஊறவிட்டு, உள்ளே ஒரு சிறு துண்டுக் காகிதமும் போடுவேன். பேனையால் எழுதினால் அற்ககோலில் மை கரைந்து ஓடிவிடும். அப்படி ஒரு வருடத்துக் குப்பிகள் எல்லாம் நீல நிறத் தண்ணீராய், எது எந்த ஊரென்று தெரியாமல் நின்றதைப் பார்த்திருக்கிறேன். பென்சிலால் எழுத வேண்டும், அழுத்தி. அந்த மூன்று கால் நுளம்பின் துண்டில் இப்படி இருக்கிறது: 'தம்பலகாமம், மாட்டுப்பட்டி, முதல் தலைமுறை, பெண், டெல்டாமெத்ரின் 0.05, குழாய் 3, 24 மணி, உயிர்.' எண்ணியவர்கள் என்ற இடத்தில் தம்பியின் முதலெழுத்தும் என்னுடையதும்.